ரிஷி சொன்னாரா, பண்டிதர் சொன்னாரா?

ஒரு நூலைத் தெய்வ வாக்கு என்று ஒருவர் போற்றுகிறார். மனிதர் இயற்றியதே என்று மற்றொருவர் மறுக்கிறார். சமயங்கள் உள்ள இடமெல்லாம் இந்த வழக்கு உண்டு. பெங்களூரில் அது எழுந்த விதம் சற்று விசித்திரமானது. அங்கே ஆராய்ந்து முடிவு கூற முன்வந்தவர்கள் மடாதிபதிகளோ வேத விற்பன்னர்களோ அல்லர், பொறியியல் ஆசிரியர்கள்.

பண்டிதர் சுப்பராய சாஸ்திரி ஓசூர் வட்டாரத்தில் பிறந்து, பெங்களூரை அடுத்த ஆனேக்கல்லில் வாழ்ந்தவர். 1918 முதல் 1923 வரை அவர் வடமொழிச் சுலோகங்களைச் சொல்லச் சொல்ல, வேங்கடாசல சர்மா என்பவர் எழுதிக்கொண்டார். எட்டு அத்தியாயங்கள், ஏறக்குறைய 3,000 சுலோகங்கள். சாஸ்திரியார் அவற்றைத் தம்முடையவை என்று சொல்லவில்லை. பரத்வாஜ மகரிஷி தமக்கு அருளியவை என்றே நம்பினார். 'வைமானிக சாஸ்திரம்' எனப்படும் அந்நூல் சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்னும் விமானங்களை வர்ணிக்கிறது. பெங்களூர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றில் வரைபடக் கலைஞராயிருந்த எல்லப்பா, சாஸ்திரியாரின் சொற்படி 1923-இல் அவற்றுக்குப் படங்கள் வரைந்தார். 1959-இல் நூல் ஹிந்தியில் வெளிவந்தது. 1973-இல் மைசூர் ஜி. ஆர். ஜோசியர் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்டார்.

மறு ஆண்டே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எச். எஸ். முகுந்தா முதலான ஐவர் அதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். நகைத்து ஒதுக்கிவிடாமல், சாஸ்திரியாரின் வாழ்க்கையை விசாரித்தார்கள். சுலோகங்களின் மொழியைப் பார்த்தார்கள். படங்களைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மொழி வேதகாலத்தது அன்று, பிற்கால எளிய சமஸ்கிருதம் என்று கண்டார்கள். நான்கு விமானங்களில் ஒன்றுகூடப் பறக்கும் தகுதி உடையதன்று. மேலிருந்து காற்றை இழுத்துக் கீழே தள்ளும் ருக்ம விமானம் ஒன்றில்தான் ஓரளவு பொருள் இருந்தது. அதுவும் வரைந்த வடிவில் எழும்பாது. படங்களிலுள்ள இயந்திரப் பகுதிகளோ அக்காலத்துப் பட்டறைகளை நினைவூட்டின. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-இல். சாஸ்திரியார் சொல்லத் தொடங்கிய 1918-இலோ உலகப் போரில் ஆகாய விமானங்கள் குண்டு வீசி முடித்திருந்தன.

அப்படியானால் சாஸ்திரியார் பொய்யரா? ஒன்று அவர் ரிஷியின் வாய், இல்லையேல் வஞ்சகர் என்று இரண்டே வழி காட்டி மனத்தை நெருக்குவது வாதத்தில் உள்ள பழைய பிழை. அவரை அறிந்தவர்கள் எளியவர், ஆசாரசீலர் என்றே சொன்னார்கள். உள்ளத்தில் தோன்றுவதை வெளியிலிருந்து வருவதாக ஒருவர் முழு நேர்மையோடு உணரலாம். சாதகர்கள் இதை நன்கு அறிவர். அதனால்தான் நல்ல குருமார்கள் சீடனின் தரிசனங்களை எடுத்த எடுப்பில் ஏற்பதில்லை. ஒருவரை எல்லாம் அறிந்தவர் என்று நிச்சயிக்க வேண்டுமாயின் நிச்சயிப்பவரும் எல்லாம் அறிந்தவராக இருக்க வேண்டுமே என்று மீமாம்சகர் குமாரில பட்டர் வாதிட்டார். அருகிலிருந்து எழுதியவருக்குக் கேட்டது சாஸ்திரியாரின் குரல் மட்டுமே.

கடல் கடந்தும் இதே கதை உண்டு. அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித், தேவதூதர் ஒருவர் காட்டிய பொன் தகடுகளிலிருந்து மொழிபெயர்ப்பதாகக் கூறி 1829-இல் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, 1830-இல் அச்சானது மோர்மன் நூல். தகடுகளைக் கண்டதாகப் பதினொருவர் கையொப்பமிட்டனர். பின்னர் அவற்றைத் தூதரே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பது அச்சபையின் நம்பிக்கை. ஆகவே தகடுகளைச் சோதிக்க வழியில்லை. ஆனால் ஸ்மித் எகிப்திய ஏடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொன்ன 'ஆபிரகாம் நூல்' வேறு விதம். அழிந்தனவென்று கருதப்பட்ட அவ்வேடுகளின் சில துண்டுகள் 1967-இல் நியூயார்க் அருங்காட்சியகத்திலிருந்து சபையிடம் வந்தன. வல்லுநர்கள் படித்தபோது அவை இறந்தோருக்கான வழக்கமான எகிப்திய வாசகங்களாக இருந்தன. ஆபிரகாம் அவற்றில் இல்லை. துண்டுகளின் எழுத்துகள் நூலோடு பொருந்தவில்லை என்பதைச் சபையே 2014-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புக்கொண்டது. அவர்கள் நம்பிக்கையைக் கைவிடவில்லை. ஆனால் அளக்கக்கூடியதை அளக்க விட்டார்கள். அந்தச் சபைக்குப் பெங்களூரிலும் அன்பர்கள் உண்டு. நம் ஊர் நூலின் அன்பர்கள் அவர்களிடம் இதைக் கற்றுக்கொண்டால் தவறில்லை.

இதற்கு மேனாட்டுப் பகுத்தறிவைத் தேடி ஓட வேண்டியதும் இல்லை. வேதம் அபௌருஷேயம் என்ற மீமாம்சகர், அதை மனிதரும் இயற்றவில்லை, இறைவனும் இயற்றவில்லை என்றார்கள். 'யார் சொன்னது' என்ற கேள்வியையே விலக்கிவிட்டார்கள். நையாயிகர் இறைவனே ஆசிரியன் என்றார்கள். இவ்வளவு பெரிய பிணக்கிலும், சாஸ்திரம் பேச வேண்டியது கண்ணுக்கும் அனுமானத்துக்கும் எட்டாததைப் பற்றி என்பதில் பொதுவாக உடன்பாடு இருந்தது. நெருப்பு குளிர்ச்சி உடையது என்று நூறு சுருதிகள் கூறினும் அவை அவ்விஷயத்தில் பிரமாணமாகா என்று ஆதிசங்கரர் கீதை பாஷ்யத்தில் தெளிவாக்குகிறார். சுருதிக்கே அந்த வரம்பு! விமானத்தின் எடையும் இறக்கையின் அகலமும் நெருப்பின் வெப்பத்தைப் போன்றவை. அங்கே பரத்வாஜரின் பெயர் ஓர் அங்குலம்கூட எதையும் உயர்த்தாது.

தமிழ் மரபோ இன்னும் துணிச்சலானது. இறையனார் களவியல் சிவபெருமானே அருளியது என்பது அதன் உரை சொல்லும் வரலாறு. அறுபது சூத்திரங்கள், மூன்று செப்பேடுகள், மதுரைக் கோயிலில் பீடத்தின் கீழ். ஆனால் செப்பேடு கிடைத்ததோடு கதை முடியவில்லை. புலவர்கள் ஆளுக்கோர் உரை சொல்ல, எது மெய்யுரை என்று தேர வேண்டியிருந்தது. அதற்கு அமர்த்தப்பட்டவன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைப் பிள்ளை. நக்கீரர் உரை கேட்டபோதுதான் அவன் பதந்தோறும் கண்ணீர் வார்த்தான். இறைவனின் பாட்டிலேயே குற்றம் கண்டவர் என்று மதுரை வேறொரு கதையில் கொண்டாடுவதும் அதே நக்கீரரைத்தான்.

தன் பெயரை மறைத்து ரிஷியின் பெயரில் நூல் தருவது நம் நாட்டில் பெரும்பாலும் பணிவின் அடையாளம். அகத்தியர் பெயரில் எத்தனை வைத்திய நூல்கள்! ஆனால் ஒருவரின் பணிவைப் பிறர் எடுத்து நூலுக்கு வயதுச் சான்றிதழ் ஆக்கும்போது அது சத்தியத்துக்குப் பிழையாகிறது. ஐவர் கட்டுரையின் வருத்தமும், ஆதாரமின்றிப் பழமையைப் புகழ்வோரைப் பற்றியதே. 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், 41 ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த அந்த ஆய்வைப் பொருட்படுத்தாமல், இந்நூலை ஆதாரமாக்கிப் பண்டைய விமானங்களைப் பற்றி உரை நிகழ்த்தப்பட்டது. கேட்ட மாணவன் ஒருவன் வீடு திரும்பிக் கணக்கிட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? ருக்ம விமானத்தோடு உபநிஷதத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிந்துவிடுவான். அவனை அவ்வாறு கட்டச் சொல்லிக் கொடுத்தவர்கள் பக்தர்களே.

இழப்பு சாஸ்திரியாருக்கும்தான். துன்பங்கள் பலவற்றைக் கடந்த ஒரு கிராமத்துப் பண்டிதர், வானில் இயந்திரம் பறக்கத் தொடங்கிவிட்ட செய்தி பரவிய காலத்தில், தாம் அறிந்த சுலோக நடையில் அந்த வியப்பை ஐந்து ஆண்டுகள் சொல்லித் தீர்த்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டு மனம் எப்படிக் கனவு கண்டது என்பதற்கு அது அரிய சாட்சி. அவர் நூலாக அதைப் படிப்பவர் மிகக் குறைவு.