வேலிக்கு அப்பால்



ஞாயிறு பூசையில் சமாதானம் பரிமாறும்போது பக்கத்தில் நிற்பவருக்குக் கைகூப்புகிறோம். எல்லைக் கதியால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டதென்று பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் இரண்டு வாங்கு பின்னால் நிற்கிறார். அந்தப் பக்கம் தலை திரும்புவதில்லை. "எனக்கு அவரில் கோபமில்லை, சுவாமி, அவருக்குத்தான் என்னில்" என்று நம்மவர் சொல்வதுண்டு.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தாலே, காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் புறப்படச் சொல்கிறார் ஆண்டவர். நியாயம் யார் பக்கமென்ற கேள்வியே அங்கில்லை. உறுதியிலுள்ள அளவு உங்களுக்கே சாதகமாக இருக்கலாம். அப்படியிருந்தாலும் படலையைத் திறந்து போகவேண்டியவர் நீங்கள்தான்.

போய் என்ன பேசுவது? அண்ணியாரின் சுகத்தை விசாரியுங்கள். கதியால் கதை பிறகு வரட்டும்.