பிரமாதம் என்னும் பகை

சில சொற்கள் காலப்போக்கில் தம் பொருளையே தலைகீழாக மாற்றிக்கொள்வதுண்டு. விருந்துண்டு எழுந்தவர் “பிரமாதம்” என்றால் இன்று அதைப் பாராட்டாகவே கொள்கிறோம். நம் அறநூல்களிலோ அச்சொல் கவனமின்மை, சோர்வு, மெத்தனம் ஆகியவற்றைக் குறிக்கும். பிரமாத வயப்பட்டு உயிருக்கு ஊறு செய்தலே ஹிம்சை என்பது ஆன்றோர் வகுத்த இலக்கணம். இங்கு ஒரு வினா எழுகிறது. கொல்ல வேண்டும், வருத்த வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லாதபோது, வெறும் கவனக் குறைவு எவ்வாறு ஹிம்சையாகும்? நம் இல்லங்களில் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் வினா இது. இதற்கு விடை தேட, நமக்குச் சற்றும் பழக்கமில்லாத ஓர் ஏரிக்கரைக்குச் சென்று பார்ப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியில், மின்னசோட்டா மாநிலத்தில் அப்பர் ரெட் லேக் என்னும் பெரிய ஏரி இருக்கிறது. பரப்பில் மிக அகன்றது. ஆழத்திலோ பெரும்பகுதி 15 அடிக்கு மேற்படாதது. ஆழம் குறைந்த நீர் விரைவில் குளிரும். ஆதலால் அம்மாநிலத்தின் பெரிய ஏரிகளுள் இது முந்தி உறைந்துவிடுகிறது. நவம்பர் மாத இறுதியிலேயே மக்கள் தூண்டிலும் கூடாரமுமாக அதன்மேல் நடக்கத் தொடங்குகின்றனர். பனிக்கட்டியில் துளையிட்டு, அதன் வழியே தூண்டிலை இறக்கி, வால்ஐ எனப்படும் மீனைப் பிடிப்பது அப்பகுதியின் நெடுநாள் வழக்கம்.

ஏரி உறையும் விதமே சிந்தனைக்குரியது. நீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மிகுந்த அடர்த்தி உடையதாகிறது. அதனினும் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே தங்குவதால், ஏரி மேலிருந்து கீழ்நோக்கி உறைகிறது. மேலே மூடிய பனிக்கட்டி ஒரு போர்வைபோல் நின்று, கீழே உள்ள நீரை நீராகவே காக்கிறது. அதில் மீனினம் குளிர்காலம் முழுவதும் உயிர் வாழ்கிறது. எந்தத் தளம் மீன்களைக் காக்கிறதோ, அந்தத் தளத்தின் மேல் நின்றே மனிதன் அவற்றைப் பிடிக்கிறான்.

பருவத் தொடக்கத்துப் பனித்தளத்தை நம்ப முடியாது. ஓரிடத்தில் 5 அங்குலக் கனம் இருக்கும். சில அடி தள்ளி 2 அங்குலமே இருக்கும். அடியில் ஊற்று சுரக்கும் இடமும், ஓடை வந்து கலக்கும் இடமும், நீர்ப்பறவைகள் கூட்டமாகத் தங்கிய இடமும் மெலிந்தே இருக்கும். மேலே விழும் பனித்தூவல் கம்பளம்போல் மூடிக் குளிரைத் தடுப்பதால், கட்டி தடிப்பது தாமதமாகும். மெலிந்த இடமும் கண்ணுக்கு மறைந்துவிடும். அகன்ற ஏரியில் காற்று வலுத்தால், தடித்த தளமும் கரையிலிருந்து பிளந்து நகரக்கூடும்.

ஆனால் அந்தத் தொடக்க நாட்களில்தான் மீன்கள் மிகுதியாக அகப்படும் என்பது தூண்டிற்காரர்களின் நம்பிக்கை. ஆகவே ஆசை உச்சத்தில் இருக்கும் நாட்களும் அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. பிரமாதம் பிறப்பது அவ்விடத்தில்தான். அறியாமையால் தவறுபவர் சிலரே. அறிந்திருந்தும், ஆசை அவசரப்படுத்துவதால், அறிவை அரை நாள் ஒத்திவைப்பவர் பலர்.

அறிவுரைகளுக்கு அங்கே குறைவில்லை. மின்னசோட்டா மாநில இயற்கை வளத் துறை தெளிவான அளவுகளை வகுத்து வெளியிட்டிருக்கிறது. நடந்து செல்வதற்குப் புதிய, தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் இருக்க வேண்டும். பனியூர்திக்கு 5 முதல் 7 அங்குலம் வேண்டும். வெண்ணிறக் கட்டி வலுக் குறைந்ததாதலால், அதற்கு இந்த அளவுகளை இரட்டிக்க வேண்டும். சுமார் 150 அடிக்கு ஒருமுறை துளையிட்டு அளந்து பார்க்க வேண்டும். இவ்வளவும் சொன்னபின், எந்தப் பனித்தளமும் முழுப் பாதுகாப்புடையதன்று என்றும் அத்துறை எச்சரிக்கிறது.

அனுபவமுள்ளவர் கூர்முனைக் கடப்பாரை ஒன்றைக் கையில் கொண்டு, முன்னே தளத்தைக் குத்திப் பார்த்தே அடி வைப்பார். மிதவைச் சட்டை அணிந்திருப்பார். கழுத்தில் இரு சிறு ஆணிப்பிடிகளைத் தொங்கவிட்டிருப்பார். தனியே செல்லார், எங்குச் செல்கிறார், எப்போது திரும்புவார் என்பதை வீட்டில் சொல்லிவிட்டே செல்வார்.

தவறி விழுந்தால் என்ன நேரும் என்பதை மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் எளிய கணக்காகத் தந்துள்ளார். முதல் 1 நிமிடம் திணறும் மூச்சை நிலைப்படுத்துவதற்கு. அடுத்த 10 நிமிடம் கைகால்கள் பயன்படும் காலம். ஏறத்தாழ 1 மணி நேரத்தில் குளிரால் நினைவு தவறும். அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது யாது? வந்த திசைக்கே திரும்ப வேண்டும். ஏனெனில் அதுவரை தன்னைத் தாங்கிய தளம் அதுவே. ஆணிப்பிடிகளைப் பனியில் ஊன்றி, கால்களை உதைத்து மேலேறி, எழுந்து நில்லாமல் உருண்டே விலக வேண்டும். பிரதிக்கிரமணம் என்ற சொல்லின் பொருளும் திரும்பி வருதல் என்பதே அல்லவா? பிழைத்த இடத்திலிருந்து முன்னேறப் பார்ப்பதைவிட, உறுதியாய் நின்ற இடத்துக்கு மீள்வதே காப்பாகும்.

அடி பார்த்து நடக்கும் இவ்வொழுக்கம் நமக்குப் புதிதன்று. துறவியர் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கியே நடக்க வேண்டும் என்பது ஈர்யா சமிதி. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கடப்பாரையால் தட்டிப் பார்ப்பவர் காப்பது தம் உயிரை. நிலம் நோக்கி நடக்கும் முனிவர் காப்பது தம் காலடியில் அகப்படக்கூடிய உயிரை. கவனம் ஒன்றே, அது யாருக்காக என்பதில்தான் அறம் வேறுபடுகிறது.

இனி நடந்தவற்றைக் காண்போம். 2022ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், இதே ஏரியில் பெரும் பனித்தளம் கரையிலிருந்து பிரிந்தது. அதன்மேல் இருந்த ஏறத்தாழ 200 பேர் தவித்தனர். மீட்புப் படையினர் படகுகளுடன் விரைந்து வந்து அனைவரையும் கரை சேர்த்தனர். அடுத்த ஆண்டு டிசம்பர் மாதம், அம்மாநில வரலாற்றில் பதிவான டிசம்பர்களிலேயே மிக வெப்பமானதாக இருந்தது. அம்மாதம் 29ஆம் நாள் மீண்டும் தளம் பிரிந்தது. மீட்புப் படை வருமுன், சிறு துடுப்புப் படகொன்றின் உதவியால் சிலர் கரை சேர முயன்றபோது நால்வர் நீரில் வீழ்ந்தனர். இறுதியில் 122 பேர் மீட்கப்பட்டனர். இருமுறையும் உயிரிழப்பு இல்லை என்பது ஆறுதல்.

“என் உயிர் என்னுடையது, ஆபத்தும் என்னுடையது, பிறருக்கு என்ன?” என்று கூறுவோர்க்கு இந்நிகழ்ச்சிகளே விடை. பனி பிளந்தபோது படகேறி வந்தவர் ஒவ்வொருவரும் தம் உயிரைப் பணயம் வைத்தே வந்தனர். வீட்டில் காத்திருந்த மனைவி மக்கள் பட்ட துயரத்துக்குக் கணக்கில்லை. தளத்தில் நின்றவருள் எவரும் மீட்பவரை வருத்த எண்ணியிருக்கமாட்டார். எண்ணம் இல்லை, ஊறு மட்டும் பிறரை நோக்கிச் சென்றது. தன் ஆபத்தைத் தன்னோடு நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் எவருக்கும் இல்லை. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாய் அமைந்திருப்பதால், ஒருவரது மெத்தனத்தை மற்றொருவர் சுமக்க வேண்டியிருக்கிறது. கவனக் குறைவு ஹிம்சையாவது இவ்வாறே.

மீனைக் கொல்லப் போனவருக்கு நேர்ந்த இடருக்கு நாம் ஏன் இரங்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கருணை, தகுதி பார்த்து அளக்கப்படுவதன்று. தூண்டிலில் துடிக்கும் மீனுக்கு இரங்கும் நெஞ்சம், பனிநீரில் திணறும் மனிதருக்கு இரங்க மறுத்தால், அது மீனுக்கு இரங்கியதும் உண்மையாகாது. அதே வேளையில், 4 அங்குலப் பனியை அத்துணைக் கருத்தாய் அளப்பவர், அதன் கீழ் உலவும் உயிரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் ஆகாதா என்று கேட்கும் உரிமையும் நமக்குண்டு.

அந்த எண்ணம் அங்கே அறவே இல்லாமலும் இல்லை. 1990களில் அளவுக்கு மீறிப் பிடித்ததால் ரெட் லேக்கில் வால்ஐ மீனினம் அழியும் நிலையை அடைந்தது. அவ்வேரியின் பெரும்பகுதிக்கு உரியவர்களான ரெட் லேக் ஓஜிப்வே மக்கள் 1997இல் தம் மீன் வாணிகத்தைத் தாமே நிறுத்தினர். பின்னர் மாநில அரசும் அவர்களோடு உடன்பட்டு 1999இல் தன் பகுதியில் அம்மீனைப் பிடிக்கத் தடை விதித்தது. 2006ஆம் ஆண்டு வரை எவரும் அதைப் பிடிக்கவில்லை. மீனினம் மீண்டும் பெருகியது. பின்னர் பிடிக்கும் பொருட்டே காத்தனர் என்பது மெய்தான். அது நாம் போற்றும் கொல்லாமை ஆகாது. ஆயினும், தம் பிழைப்பையே ஒரு சமூகம் இத்தனை ஆண்டுகள் நிறுத்திவைத்தது எளிய செயலன்று. ஆசையை அளவுபடுத்துதலும் அறத்தின் ஒரு படியே.

நாம் தூண்டில் எடுப்பதில்லை, உண்மை. அதனால் பிரமாதம் நம்மை விட்டு நீங்கிவிட்டது என்று கொள்ளலாமா? நீரை வடிகட்டிப் பருகும் நாம், வடிகட்டிய துணியில் தங்கிய உயிர்களை மீண்டும் நீரில் விடுகிறோமா? இரவு உணவைத் தவிர்க்கும் நாம், இரவில் வண்டியை ஓட்டுகையில் சாலையில் நடப்பவரை நினைக்கிறோமா? பழக்கமாகிவிட்ட நோன்பும் உறங்கியபடியே நடப்பதாக ஆகிவிடக்கூடும். அடி வைக்குமுன் அறிந்து வைப்போம். நம் பொருட்டு மட்டுமன்றி, நம்மைத் தாங்குவோர் பொருட்டும், நம் காலடியில் கண்ணுக்குத் தெரியாது வாழும் உயிர்களின் பொருட்டும் விழித்திருப்போமாக.