கருவியின் கூற்றும் நோயாளியின் குரலும்

நோயை அறியும் பொறுப்பில் ஒரு பகுதியை மனிதன் கருவிகளிடம் ஒப்படைத்து நெடுங்காலமாகிறது. வெப்பமானி முதலியன வைத்தியரின் புலன்களைக் கூர்மையாக்கின. ஆயின் அவை தந்த அளவுக்குப் பொருள் காணும் பணி வைத்தியரிடமே இருந்தது. கணனியின் வருகை இந்நிலையை மாற்றிவிட்டது. எண்முறைக் கருவிகள் அளப்பதோடு அமையாது பொருளும் கூறுகின்றன. சிலவேளை முடிவும் செய்கின்றன. இங்கே ஓர் அறவியல் வினா எழுகின்றது. கருவி ஒன்றைக் கூற, நோயாளி அதற்கு மாறானதைக் கூறும்போது, இரண்டிற்கும் இடையே நிற்கும் வைத்தியரின் அல்லது தாதியின் கடமை யாது? நோயாளியின் பக்கம் நின்று பேசுதல் அக்கடமையுள் அடங்குமா? அடங்குமெனின் அதனைக் கற்பித்தல் இயலுமா?

இவ்வினாவை வெறுங் கற்பனையாகக் கொள்ளற்க. 1985 யூன் முதல் 1987 சனவரி வரை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 'தெராக் 25' என்னும் கதிர்ச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளருக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. அதன் முந்திய வகையிலே பாதுகாப்புக்கென அமைந்திருந்த பொறித் தடைகள் இதில் நீக்கப்பட்டு, அப்பணி கணனி நிரலிடம் விடப்பட்டிருந்தது. முதல் விபத்து ஜோர்ஜியா மாநிலத்தில் நிகழ்ந்தது. சிகிச்சையின்போது கடுமையான சூட்டை உணர்ந்த பெண்ணொருவர் தம்மைச் சுட்டுவிட்டதாக முறையிட்டார். அவ்வாறு நிகழ முடியாது என்பதே அவருக்குக் கிடைத்த விடை. 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரிலே இயந்திரத்தின் திரை 'கோளாறு 54' எனக் காட்டியது. குறைந்த அளவே செலுத்தப்பட்டதாகவும் தெரிவித்தது. இயக்குநர் 'தொடர்க' என்னும் விசையை அழுத்தினார். மூடிய அறையுள் இருந்த நோயாளி முதல் தாக்கத்தில் துடித்தெழ முயன்ற வேளை இரண்டாவது தாக்கத்துக்கும் ஆளானார். அன்று அவ்வறையின் ஒலித்தொடர்பு பழுதாகியிருந்தது. காட்சித் தொடர்பும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. கதவைத் தட்டியே அவர் தம் துன்பத்தைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஐந்து மாதங்களின் பின் அவர் இறந்தார்.

இந்த இயக்குநரைக் கொடியவர் என்றோ கவலையற்றவர் என்றோ கூறுதல் நீதியன்று. அந்த இயந்திரம் காரணம் விளங்காத அறிவிப்புகளுடன் அடிக்கடி நிற்பது வழக்கம். வேறொரு நிலையத்தில் சில நாள்களில் நாற்பது தடவை வரை அவ்வாறு நின்றதாகப் பதிவுண்டு. ஒவ்வொரு தடவையும் விசையை அழுத்தினால் வேலை தொடர்ந்தது; தீங்கேதும் விளையவில்லை. நற்பண்பு போதனையால் மட்டும் வருவதன்று, பழக்கத்தால் உருவாவது என்பது அரிஸ்ரோட்டிலின் அறவியலில் அடிப்படையான கருத்து. அக்கருத்தின் மறுபக்கம் இங்கே வெளிப்படுகின்றது. நற்பண்பு பழக்கத்தால் வருமெனின், புறக்கணிப்பும் பழக்கத்தாலேயே வரும். கல்விக்கூடம் பயிற்றாதவிடத்து இயந்திரமே தன்னை இயக்குவோரைப் பயிற்றிவிடுகின்றது. பயிற்சி வேண்டுமா வேண்டாமா என்பதன்று பிரச்சினை. எப்பயிற்சி முந்திக்கொள்கிறது என்பதே பிரச்சினை.

நோயாளரும் தவறக்கூடுமன்றோ எனச் சிலர் வினவலாம். அச்சத்தால் இல்லாத வலியை உணர்வோர் உளர். நன்கமைந்த கருவியோ பல்லாயிரம் உயிர்களைக் காத்துள்ளது. ஒவ்வொரு முறையீட்டுக்கும் சிகிச்சையை நிறுத்துவதாயின் வைத்தியசாலை இயங்காது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயின் நோயாளியின் பக்கம் நிற்றல் என்பது அவர் கூறுவதையெல்லாம் நம்புதல் அன்று. அவர் கூற்றையும் ஒரு சான்றாக ஏற்று, விசாரணைக்குரிய தகுதியை அதற்கு வழங்குதலே ஆகும். ஒருவரின் சொல்லை அவர் யார் என்பது பற்றிய முற்கோளினால் குறைத்து மதிப்பிடுதல் தனித்ததோர் அநீதி என்பதை மிராண்டா பிரிக்கர் என்னும் மெய்யியலாளர் 2007இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கணனித் திரையின் முன் நோயாளிக்கு நேர்வதும் அத்தகையதே. திரையிலுள்ள எண் பிழைபடாதது என்ற எண்ணம் மேலோங்குந்தோறும் உடல் கூறும் செய்தி வதந்தியாகத் தாழ்ந்துவிடுகின்றது.

எனினும், செவிமடுத்தல் மட்டும் போதுமானதா என்பதும் நோக்கற்பாலது. நோயாளி முறையிடாத இடங்களும் உள. விரல் நுனியிற் பொருத்தி இரத்தத்தின் ஒட்சிசன் செறிவை ஒளியின் துணைகொண்டு அளக்கும் பல்ஸ் ஒக்சிமீற்றரை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். கருநிறத் தோலுடையோரில் இக்கருவி உண்மையிலும் கூடிய அளவைக் காட்டக்கூடும் என்பது 1990இலேயே ஆய்வில் தெரியவந்தது. 2020 திசெம்பரில் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வொன்று இதனை மீண்டும் உறுதிப்படுத்தியது. கருவி 92 முதல் 96 வீதம் வரை காட்டிய வேளைகளில், நாடியிரத்தத்தின் உண்மையான செறிவு 88 வீதத்துக்கும் குறைவாயிருந்தமை வெள்ளையரில் 3.6 வீதமாகவும் கறுப்பினத்தவரில் 11.7 வீதமாகவும் காணப்பட்டது. ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இதுபற்றி எச்சரித்தது 2021 பெப்ரவரியிலேயே. முப்பதாண்டுகளாக இவ்வறிவு ஏடுகளில் இருந்தது. கட்டிலருகே வந்து சேரவில்லை. தம் இரத்தத்தில் ஒட்சிசன் குறைவதை நோயாளி தாமே அறிந்து கூறுவார் என எதிர்பார்த்தல் இயலாது. கருவியின் எல்லையை அறிந்த வைத்தியரே அவருக்காக ஐயுற வேண்டும். கருநிறத் தோல் பெருவழக்காயுள்ள இலங்கை போன்ற நாடுகளின் வைத்திய மாணவருக்கு இது அயலார் செய்தியன்று.

இதற்கும் மேலானதொரு நிலை உண்டு. அங்கே தமக்கு இழைக்கப்பட்டது இன்னதென்பதையே நோயாளி அறியார். ஐக்கிய அமெரிக்காவில் மேலதிகப் பராமரிப்புக்குரிய நோயாளரைத் தெரிவுசெய்யப் பயன்பட்ட கணிப்புமுறை ஒன்றை ஆராய்ந்த கட்டுரை 2019இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியாயிற்று. அக்கணிப்புமுறை ஒருவரின் நோய்த் தேவையை அவருக்குச் செலவாகும் பணத்தைக் கொண்டு மதிப்பிட்டது. ஒரே அளவு நோயுற்றிருந்தும் கறுப்பினத்தவருக்குக் குறைந்த பணமே செலவிடப்பட்டு வந்தமையால், அவர்கள் குறைந்த நோயுடையோராகக் கணிக்கப்பட்டனர். இப்பிழையைக் களையின், மேலதிக உதவிக்குரியோருள் அவர்களின் பங்கு 17.7 வீதத்திலிருந்து 46.5 வீதமாக உயரும் என ஆய்வாளர் கண்டனர். பட்டியலில் இடம்பெறாத ஒருவர் தாம் இடம்பெறவில்லை என்பதைக்கூட அறியாதிருக்கையில், அவர் சார்பிற் பேச வேறு யார் உளர்?

இக்கருவிகளை ஆக்கியோரும் அனுமதித்த அரசுமே பொறுப்பாளிகள், பணிச்சுமை மிக்க தாதிமீதும் இளம் வைத்தியர்மீதும் இச்சுமையை ஏற்றுதல் தகாது எனவும் வாதிடலாம். ஆக்கியோரின் பொறுப்பை மறுப்பார் இலர். ஆயினும் அவர்கள் தொலைவில் உள்ளனர். சட்டம் தீங்கின் பின்னரே வருகின்றது. தீங்கு நேரும் கணத்தில் நோயாளியின் அருகே நிற்பவர் வைத்தியரும் தாதியுமே. அருகில் நிற்றலே ஒரு கடமையைப் பிறப்பிக்கின்றது. எனவே அவர்களுக்கு மூன்று பயிற்சிகள் இன்றியமையாதன. முதலாவது, திரையிலுள்ள எண் எதனை அளக்கிறது, யாரிடத்தில் பிழைபடும் என வினவுதல். இரண்டாவது, நோயாளியின் கூற்று கருவியோடு முரண்படின் தொடராது நிறுத்தி, வேறொரு வழியாற் சரிபார்த்தல். மூன்றாவது, கண்ட பிழையைத் தம் நிலையத்துக்கு அப்பாலும் அறிவித்தல். இவற்றைக் கற்றவர் நிறுத்தியதற்காகத் தண்டிக்கப்படாதிருக்கவும் வேண்டும். அவ்வுரிமை அளிக்கப்படாதவிடத்துப் பயிற்சி வெறும் உபதேசமாகவே முடியும்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது: நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுவோன். நோயுற்றவனே அவற்றுள் முதலில் வைக்கப்பட்டுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. அவன் மருத்துவத்தின் பொருள் மாத்திரமல்லன். அதன் ஓர் அங்கமும் ஆவான்.

டைலர் நகரின் கதை மார்ச்சோடு முடியவில்லை. ஏப்ரிலில் அதே இயக்குநரின் கையில் இன்னொரு நோயாளிக்கும் அதே விபத்து நேர்ந்தது; அவரும் பிழைக்கவில்லை. இம்முறை ஒலித்தொடர்பு இயங்கியது. பேரொலி கேட்டு இயக்குநர் உள்ளே விரைந்தார். வைத்தியசாலையின் பௌதிகவியலாளரிடம் உடனே அறிவித்தார். இருவரும் இயந்திரத்தின் முன் அமர்ந்தனர். இயக்குநர் தாம் அழுத்திய விசைகளை நினைவிலிருந்து மீண்டும் மீண்டும் அழுத்திக்காட்ட, 'கோளாறு 54' தோன்றும் வழி புலனாயிற்று. தரவைத் திருத்தும் வேகமே அதன் திறவுகோல் எனக் கண்டனர். எண்ணாது விசையை அழுத்தப் பழகியிருந்த அதே கைதான் உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. அந்தக் கைக்கு வேண்டியிருந்தது கூடிய இரக்கமன்று. நோயாளியின் சொல் உண்மையாகவும் இருக்கக்கூடும் என்று முதல் நாளிலேயே கற்பித்த ஒரு பயிற்சியே.