ரதம் நிலைக்கு வந்த பிறகு

மாசி மகம் முடிந்த மறுநாள், மலாக்காவின் செங் வட்டாரம் மெல்ல மெல்லத் தன் இயல்புக்குத் திரும்புகிறது. மலாக்கா நகரில் 1781ஆம் ஆண்டு முதல் நிற்கும் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகப்பெருமானோடு புறப்பட்ட வெள்ளி ரதம், இங்குள்ள சன்னாசிமலை ஆண்டவர் சன்னிதிக்கு வந்து, அடியாரின் பால்குடங்களையும் காவடிகளையும் கண்டு, வந்த வழியே திரும்பிவிட்டது. முன்னொரு காலத்தில் ஒரு துறவி தனித்திருந்து தவம் செய்ததாகச் சொல்லப்படும் மலையடிவாரம் அது. கூட்டம் கலைந்ததும், அந்தத் துறவி நாடிய அமைதியே அங்கே மறுபடியும் வந்து அமர்கிறது.

ரதம் என்பது இறைவன் குடியிருந்தபடியே பயணம் செய்யும் வீடு. ஆண்டில் சில நாள்தான் அது ஓடுகிறது. மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிற்கிறது. ஓடுவதைக் காண நாம் எல்லோரும் போகிறோம். அதை நிற்க வைப்பவர்கள் எங்கும் சிலரே. அந்தச் சிலருடைய பணியும் பூசைதான் என்று நான் முழுமையாக நம்புகிறேன்.

அவர்கள் முதலில் பூக்களை எடுக்கிறார்கள். மாலைகளை அவிழ்ப்பது எளிது. சித்திர வேலையின் இடுக்கில் ஒட்டிக்கொண்ட ஒற்றை இதழைத் தேடி எடுப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். விட்டுவைத்தால் அது அழுகும், கறை படியும், எறும்பு வரும். பிறகு எண்ணெய்ப் பிசுக்கு, குங்குமம், உடைத்த தேங்காயின் நீர், சிந்திய பால் என ஒவ்வொன்றாகத் துடைக்கப்படுகின்றன. வெள்ளித் தகட்டைக் கழுவியதும் மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி உலர்த்துகிறார்கள். காற்றில் உள்ள கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. ஈரம் அதற்குத் துணை போகிறது. ரப்பர் பதப்படுவதும் கந்தகத்தால் என்பதால், கழற்றிய கலசத்தைத் துணியில் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக் கட்டினால், அந்த இடம் மட்டும் கறுத்துப் போகும். ஆகவே நூல் கயிற்றால் கட்டுவதே நல்லது.

டயர் வைத்த ரதமாக இருந்தால், அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கட்டை கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பாரம் இறங்கி டயர் தட்டையாகிவிடும். மின்விளக்குகளுக்கான பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். மரக்கால்கள் மண்ணைத் தொடாதபடி பார்த்துக்கொண்டால் கரையான் எளிதில் ஏறாது.

கடைசியாகத்தான் மூடுவது. இறுக்கமான பிளாஸ்டிக் விரிப்பு பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் நம் ஊரின் புழுக்கத்தில் அதன் உட்புறம் வியர்க்கும், அந்த வியர்வையே ரதத்தின்மேல் சொட்டும். காற்று புகும் துணியே போதும். அதையும் நன்றாக உலர்ந்த பிறகுதான் போர்த்த வேண்டும். ஈரத்தோடு எதையும் மூடக்கூடாது.

மனமும் அப்படித்தானே? விழா முடிந்தாலும் அதன் ஈரம் மனத்தில் இருக்கிறது. மகிழ்ச்சியின் ஈரம். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்னும் ஆசையின் ஈரம். என்னை முன்னால் விடவில்லையே, என் பெயரைச் சொல்லவில்லையே என்னும் வருத்தத்தின் ஈரம். மறுநாளே வேலைக்குப் போகிறோம். அவசரமாக எல்லாவற்றையும் மூடிவைக்கிறோம். மூடியது மறைந்துவிட்டது என்று எண்ணுகிறோம். அது மறைவதில்லை, உள்ளே இருந்து கறுக்கிறது. ஆசையை அடித்துத் துரத்த வேண்டியதில்லை. அதைச் சற்று நேரம் காற்றில் வைத்திருந்தால் போதும். இது ஆசை, இது வருத்தம் என்று பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஈரம் தானே உலரும். உலர்ந்த மனம் தானே அமைதியாகும். அந்த அமைதியை வெளியிலிருந்து யாரும் கொண்டுவர வேண்டியதில்லை. அது எப்போதும் அங்கேயே இருக்கிறது.

நிற்பது என்பது முடிந்து போவதன்று. தமிழ்நாட்டுத் திருவாரூரின் ஆழித்தேர் 1920களில் தீக்கிரையானது. புதுத்தேர் 1930இல் ஓடியது. பிறகு அதுவும் பல ஆண்டுகள் நின்று, 1970இல் மீண்டும் வீதிக்கு வந்தது. நின்ற காலத்திலும் அது தேராகவே இருந்தது. ஓட்டம் இல்லாத நாள்களில் நாமும் நாமாகவே இருக்கிறோம். இதை நம்புவதற்கு நமக்கு ஏன் இத்தனை தயக்கம்?

ஆனால் நிற்பதற்கும் ஓர் இடம் வேண்டும். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, மாரியம்மன் கோயில்களின் சிறிய ரதங்கள் சில கொட்டகை இழந்து மழையில் நின்றன. அதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. ரதம் செய்ய நன்கொடை தர முன்வரும் நாம், அது நிற்கும் தகரக் கூரைக்கும் அதே மனத்தோடு கொடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை கொட்டகையைத் திறந்து, காற்று விட்டு, சக்கரத்தைக் கொஞ்சம் சுழற்றி, எலி கடித்திருக்கிறதா என்று வயரைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அடுத்த மாசி வரை எந்த மாதம் யார் முறை என்பதை, விழா முடிந்த இரவே, இளைஞர்களையும் உட்கார வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்யலாம்.