ஏரி நீரும் எட்டு மாநிலங்களின் சம்மதமும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிசிகன் ஏரிக்கரை நகரமான ரசீனுக்கு அருகே, மைக்ரோசாஃப்ட் எழுப்பிவரும் தரவு மையத்துக்கு எவ்வளவு தண்ணீர் போகும்? இந்த எளிய கேள்விக்கு, 2025இல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குத் தொடுத்த பிறகே நகர நிர்வாகம் பதில் சொன்னது. பொது நீரின் கணக்கைக் குடிமக்கள் நீதிமன்றப் படியேறிப் பெற வேண்டியிருப்பது அறக்கேடு. ஏரி நீர் எந்த அரசின் சொத்தும் அல்ல. வரும் தலைமுறைகளுக்காக நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். வேலைவாய்ப்பின் பெயரால் ஒரு மாநிலம் அதைத் தனித்து எடுத்துக் கொடுப்பது, பங்காளிகளைக் கேட்காமல் பூர்வீக நிலத்தை அடமானம் வைப்பதற்குச் சமம்.

மிசிகன் ஏரியும் அடங்கிய ஐம்பெரும் ஏரிகள் பூமியின் மேற்பரப்பு நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. ஆனால் மழையாலும் பனியாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது அதில் ஏறத்தாழ ஒரு சதவீதமே. 1998இல் சுப்பீரியர் ஏரி நீரைக் கப்பலில் ஆசியாவுக்குக் கொண்டுசெல்லக் கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு ஒரு நிறுவனத்துக்கு அனுமதி தந்து, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெற்றது. அந்த அதிர்ச்சி பிறப்பித்ததே ஏரிகளைச் சுற்றியுள்ள எட்டு அமெரிக்க மாநிலங்களின் உடன்படிக்கை. 2008இல் அது சட்டமானது. கனடாவின் ஒன்டாரியோவும் கியூபெக்கும் துணை ஒப்பந்தத்தால் இணைந்தன. ஏரிப்படுகைக்கு வெளியே நீரைக் கொண்டுசெல்வது பொதுவாகத் தடை. ஆயினும் படுகை எல்லையில் பாதி உள்ளும் பாதி வெளியுமாகக் கிடக்கும் ஊருக்கு அந்த மாநிலமே அனுமதி தரலாம் என்றொரு வாசல் திறந்து கிடக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் 2018இல் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைத் திட்டத்துக்காக ரசீனுக்கு நாளொன்றுக்கு 70 லட்சம் கேலன் ஒதுக்கப்பட்டது. மற்ற ஏழு மாநிலங்களுக்கு வாக்கே இல்லை. வாக்களிக்கப்பட்ட 13,000 வேலைகள், 2021இன் திருத்திய ஒப்பந்தத்தில் 1,454 ஆகச் சுருங்கின. அந்தத் தொழிற்பேட்டையில்தான் இன்று தரவு மையம் எழுகிறது.

கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாகவே வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். நீரைத் தேக்கி நிலத்தைக் காப்பதே அரசன் புகழ் நிலைக்கும் வழி என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் புறநானூற்றில் எடுத்துரைத்தார் குடபுலவியனார். ஓடும் நீர் எல்லார்க்கும் பொது என்று ஜஸ்டினியனின் ரோமானியச் சட்டம் விதித்தது. நாடும் காலமும் வேறான இவர்கள் நீரை ஆள்வோரின் விருப்பத்துக்கு விடவில்லை. ஆள்வோர் மீது சுமத்தப்பட்ட கடமையாகவே கண்டனர். இன்றைய ஆளுநர்கள் அக்கடமைக்கு விலக்குக் கேட்க எந்த நியாயமும் இல்லை.

எஃகு ஆலைகள் மூடி வெறிச்சோடிய ஊர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஏரியை இழக்க வேண்டியதில்லை. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் நச்சுப்பாசியால் டொலிடோ பகுதியில் சுமார் 5 லட்சம் பேர் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் தவித்தனர்; உணவகங்கள் அடைத்துக்கிடந்தன. நீர் கெட்டால் வணிகமும் நிற்கும். எட்டு மாநிலங்களையும் கேட்டால் வளர்ச்சி தாமதமாகும் என்ற வாதமும் நிற்காது. நிலத்தடி நீரில் ரேடியம் கலந்த, விஸ்கான்சினின் வாக்கெஷா நகரம் எட்டு மாநிலங்களிடமும் விண்ணப்பித்தது. நாளொன்றுக்குக் கேட்ட 101 லட்சம் கேலனை 82 லட்சமாகக் குறைத்து, சுத்திகரித்துத் திருப்பி அனுப்பும் நிபந்தனையோடு 2016இல் அவை ஒருமனதாக இசைந்தன. 2023இல் குழாய்களில் ஏரி நீர் வந்தது. ரசீனுடையது போன்ற, எல்லை ஊர்களுக்கான விண்ணப்பங்களும் அதே எட்டு மாநிலங்களின் மன்றத்துக்கு வர வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக் கணக்கு அனுமதியோடு சேர்த்தே வெளியிடப்பட வேண்டும்.