கொன்றவன் யார்? மாண்டவர் யார்?

ஏதோ ஓர் ஊரில் கூட்டங் கூட்டமாக மனிதர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு செய்தி வருகிறது. கேட்டவுடன் நம் நாவில் எழும் முதற் கேள்வி எது? "மாண்டவர் யார், யார் பெற்ற பிள்ளைகள்?" என்பதா? இல்லை சகோதரர்களே. "செய்தவன் யார்?" என்பதே முதற் கேள்வி. அதற்குக் கிடைக்கும் பதிலைப் பார்த்துத்தான் அழுவதா, கோபங் கொள்வதா, பேச்சை மாற்றுவதா என்று நம் மனம் தீர்மானிக்கிறது. பிறரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என்னைக் கொண்டே சொல்லுகிறேன்.

2019-ஆம் ஆண்டு மார்ச்சு 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்து நாட்டின் கிரைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தவர்களை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். அந்நூர் பள்ளியிலும் லின்வுட் பள்ளியிலுமாக 51 பேர் ஷஹீதானார்கள். நம் மலேசிய நாட்டு இளைஞர் ஒருவரும் அவர்களில் உண்டு. அவர்களுடைய ஜும்ஆ நேரம் நமக்குக் காலை வேளை. கடை திறந்து சாம்பிராணி போட்டு முடிக்குமுன் செய்தி வந்துவிட்டது. அன்று ஈப்போவில் ஸஃப்பில் நின்றபோது வாசற்பக்கம் ஏதோ சத்தம் கேட்டு என் முதுகு கூசியதை நான் மறக்கவில்லை. அந்தப் பாவி தன் செயலைத் தானே படம் பிடித்து உலகத்துக்கு அனுப்பினான். நம் ஜமாஅத்திலும் அதைக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். நானும் பாதி பார்த்தேன். அவன் ஆடிய கூத்துக்கு நான் போய்ச் சபையில் உட்கார்ந்தது போலத்தான் அது.

அந்தி நேரத்தில் எங்கள் வாடிக்கைக்கார அக்கா ஒருவர் வந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனையாகி லயன் வீடுகள் போன பிறகு பிள்ளைகளோடு பட்டணத்துக்கு வந்தவர். கத்தோலிக்கர். சாமான் எதுவும் கேட்கவில்லை. "தம்பி, சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தவங்களையா சுட்டாங்க?" என்று கேட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

அதிலிருந்து 37-ஆம் நாள், ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் பெருநாள். இலங்கையில் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய ஊர்களில் மூன்று தேவாலயங்களிலும், கொழும்பின் பெரிய ஓட்டல்களிலும் குண்டு வெடித்தது. 260-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். செய்தி கேட்ட மாத்திரத்தில் என் மனம் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. "யா அல்லாஹ், செய்தவன் நம்மவனாக இருந்துவிடக் கூடாது" என்று துஆச் செய்தேன். மாண்டவர்களுக்காக அல்ல, என் பெயருக்காக. பெயர்கள் வெளிவந்தன. எல்லாம் நம் பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் பெயர்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த அக்கா வந்தார். அவர் வாய் திறக்குமுன் நான் திறந்தேன். "அக்கா, இது இஸ்லாம் இல்லை. அவங்க முஸ்லிமே இல்லை" என்று ஆரம்பித்து, ஐந்தாவது சூராவின் 32-ஆம் ஆயத்தின் கருத்தையும் எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "அதை நான் கேக்கலையே தம்பி. புள்ளைங்க செத்துப் போச்சே" என்றார்.

மார்ச்சு மாதத்தில் என்னிடம் வந்தபோது மாண்டவர்களைப் பற்றிக் கேட்டவர் அவர். ஏப்ரல் மாதத்தில் அவரிடம் நான் பேசியது கொன்றவர்களைப் பற்றி. அவர் கேளாத கேள்விக்குப் பதில் சொன்னேன். அந்த ஆயத்தை அன்று எத்தனை பேருக்கு ஓதிக் காட்டியிருப்பேன்! ஓர் உயிரின் மதிப்பைச் சொல்ல வந்த வசனத்தை நான் கேடயமாகப் பிடித்துக்கொண்டேன். போன உயிர்களில் ஒன்றையேனும் எண்ணிப் பார்த்து அதை நான் ஓதவில்லை.

பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அடுத்த மே மாதத்திலேயே இலங்கையில் மினுவாங்கொடை முதலிய ஊர்களில் ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆகையால் "எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அது பயம். அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டது என் தவறு.

அந்தக் கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரான் காத்தான்குடியில் பிறந்தவன். காத்தான்குடி என்றால் நம்மவர்களுக்கு வேறொரு நாள் ஞாபகம் வரும். 1990-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3, வெள்ளிக்கிழமை இரவு. மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது சுட்டார்கள். சிறுவர்கள் உள்பட நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். விடுதலைப் புலிகளே செய்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள், புலிகள் மறுத்தார்கள். அடுத்த சில நாட்களில் அம்பாறைப் பக்கம் திராய்க்கேணி, வீரமுனை என்ற தமிழ்க் கிராமங்களில் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவலர்களுக்குப் பங்கு உண்டு என்று அவர்கள் சொல்லுகிறார்கள். அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி சில மைல் தூரந்தான். 1990-ல் காத்தான்குடியில் தொழுதவர்கள் பேசிய மொழியும், 2019-ல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்ட பிள்ளைகள் பேசிய மொழியும் ஒன்றே. நீங்களும் நானும் பேசும் தமிழ்.

1990-ல் நான் சிறுவன். என் அத்தாவின் கடை அப்போது தோட்டத்தை அடுத்து இருந்தது. மாலையில் பலகையில் உட்கார்ந்து கதை பேசும் தோட்டத்து ஜனங்கள் அந்த வாரம் சாமான் வாங்கியவுடன் எழுந்து போனார்கள். எல்லோருக்கும் செய்தி தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தாவும் திறக்கவில்லை. ஆனால் அதை மனதுக்குள் கடன் கணக்கில் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஏனெனில் 2009-ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் ஆயிரமாயிரம் பேர் மாண்டபோது, இங்கே தமிழர்கள் விளக்கேற்றி அழுதார்கள். நம் தேத்தண்ணிக் கடைப் பேச்சு என்ன? "1990-ல் இவர்கள் எங்கே போயிருந்தார்கள்?" அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு மீசை முளைத்து வெகு காலம் ஆகிவிட்டது. சிறுவன் என்று சாக்குச் சொல்ல வழியில்லை.

கடைக்காரனுக்குக் கணக்குப் புத்தகத்தின் அருமை தெரியும். அரிசிக்கும் பருப்புக்கும் அது நல்லது. கண்ணீருக்கு ஒரு பற்று, ஒரு வரவு என்று எழுத ஆரம்பித்தால் அந்தப் புத்தகம் ஒருநாளும் முடியாது. இருவரும் மற்றவன்தான் பாக்கி என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"சொந்த இரத்தம் என்றால் அதிகமாக நோகத்தானே செய்யும்? அது குற்றமா?" என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதைக் கொண்டு சொல்லுகிறேன். தம் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி பிற்பாடு இஸ்லாத்தை ஏற்று வந்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். எனினும் தம் கண்ணில் படாமல் இருக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டார்கள். மன்னித்த பின்னும் நெஞ்சில் நோவு இருந்தது. ஆகவே சொந்தத்துக்கு அதிகமாக நோவது குற்றமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே பெருமானார் ஒரு ஜனாஸா கடந்து போனபோது எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொன்னார்கள். அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் நாயகம் பதில் அளித்தார்கள். பிற்காலத்தில் காதிஸிய்யாவில் இரண்டு ஸஹாபாக்கள் வேற்று மதத்தவர் ஜனாஸாவுக்கு எழுந்து நின்று, காரணம் கேட்டவர்களுக்கு இந்த நிகழ்ச்சியைத்தான் எடுத்துச் சொன்னார்கள். அழச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுந்து நின்றார்கள், அவ்வளவே. அழுகை நம் வசத்தில் இல்லை. எழுந்து நிற்பது கால்களின் வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டபோது நாம் துடித்தோம். சில குளிர்பானங்களை என் அலமாரியிலிருந்து நானே எடுத்து வைத்தேன். வாடிக்கைக்காரர்கள் மெச்சினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் சூடானில் போர் மூண்டது. அல்-ஜுனைனா நகரில் மஸாலித் இன மக்கள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் முஸ்லிம், மாண்டவனும் முஸ்லிம். அதைப் பற்றி என் கடையில் இதுவரை ஒருவர் கூட என்னிடம் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. "செய்தவன் யார்?" என்ற கேள்விக்கு நமக்கு வசதியான பதில் கிடைக்காவிட்டால் மாண்டவர்களையும் மறந்துவிடுகிறோம் போலும்.

நம் பேராக் தோட்டங்களுக்கும் இந்தக் கதி உண்டு. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக் கணக்கில் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டு போனார்கள். வாந்திபேதியிலும் பட்டினியிலும் பல்லாயிரவர் அங்கேயே மாண்டார்கள். அங்கே மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் அநேகருடைய பெயரைக் கூட ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் மவுத்தான சேதி தனித் தனியாக எந்த வீட்டுக்கும் வரவில்லை. ரயில் திரும்பி வந்தபோது ஆள் அதில் இல்லை, அதுதான் செய்தி.

அந்த அக்காவின் பாட்டனாரும் அப்படிப் போனவர்தான் என்று சென்ற ஆண்டு எதேச்சையாகத் தெரிந்தது. மிளகாய்த்தூள் நிறுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். பெயர் கேட்டேன், சொன்னார். அவர் பெயரைக் கேட்டவர்கள் யாரும் கிடையாது தம்பி என்றார். 2019 ஏப்ரலில் நான் கேட்டிருக்க வேண்டியதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேறு வாடிக்கைக்காரர் வந்துவிட்டார். பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.