அறாத கண்ணி



வேடரின் கண்ணி அறுந்து பறவை தப்பிப் போனதைப் பதிலுரைப் பாடலில் பாடினோம். திருப்பாடல் 124. நமக்கு மிகவும் பிடித்த விடுதலை அது. நவநாளில் மெழுகுதிரி ஏற்றி நாம் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான். கேட்பதில் தவறில்லை. ஆனால் கண்ணி அறாமலே பிழைக்கும் ஓர் உயிரும் ஆண்டவரின் படைப்பில் உண்டு.

இறகு அந்துப்பூச்சிகள் என்றொரு குடும்பம். முன்சிறகு இரண்டாகவும் பின்சிறகு மூன்றாகவும் பிளந்திருக்கும். அதில் பக்லேரியா என்பது ஒரு பேரினம். அதைச் சேர்ந்த பலூடம் என்ற இனம் ஐரோப்பாவின் சதுப்புகளிலும், பார்வுலஸ் என்ற இனம் அமெரிக்காவின் புளோரிடாவிலும் வாழ்கின்றன. விரல் நகத்தின் மேல் உட்காரக்கூடிய அளவுதான்.

இவற்றின் புழுக்கள் தின்பது டிரோசீரா செடியை. பள்ளியில் படித்திருப்பீர்கள், பூச்சி தின்னும் செடி. நம் நீலகிரியிலும் அதன் வகைகள் உண்டு. இலையெங்கும் சிவந்த மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மினுங்கும் பசைத்துளி. வந்து உட்காரும் ஈ ஒட்டிக்கொள்ளும். மயிர்கள் வளைந்து மூடும். செடி அதை மெல்லச் செரித்துவிடும். பூச்சிகளுக்கென்றே விரித்த அந்தக் கண்ணியில்தான் இந்தத் தாய்ப்பூச்சி தன் பிள்ளைகளை விட்டுப் போகிறது!

புளோரிடாப் புழு எப்படிப் பிழைக்கிறது என்று தாமஸ் ஐஸ்னர், ஜூலியன் ஷெப்பர்ட் என்ற இரு அறிஞர்கள் கவனித்து, 1965இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். புழு முதலில் இலையைத் தொடுவதில்லை. நுனியிலிருக்கும் பசைத்துளியை, நாம் நுங்கை உறிஞ்சுவதுபோல, உறிஞ்சிவிடுகிறது. பிறகு அந்த மயிரைத் தின்கிறது. மயிர்கள் போன பிறகுதான் இலை. செடி பிடித்து வைத்திருக்கும் பூச்சிகளையும் விட்டுவைப்பதில்லை. கொல்ல வந்த பசையே அதற்கு முதல் கவளம்.

கண்ணிக்குள்ளேயே காக்கும் இந்த வழியை ஆண்டவரின் மன்றாட்டிலும் காண்கிறோம். யோவான் நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில், பாடுகளுக்கு முந்தைய இரவில், ஆண்டவர் தம் சீடருக்காகத் தந்தையிடம் மன்றாடுகிறார். அவர்களை உலகத்திலிருந்து எடுத்துவிடும்படி அவர் கேட்கவில்லை. தீயோனிடமிருந்து காக்கும்படியே கேட்கிறார். சிலுவை தம் கண்முன்னே நிற்க அவர் செய்த மன்றாட்டு அது. தீராத நோயாளியை வருடக்கணக்காகப் பராமரிப்பவர்கள், வட்டி கட்டியே தேய்ந்துபோனவர்கள் நம் நடுவில் இருக்கிறீர்கள். 'ஆண்டவர் என் செபத்தைக் கேட்கவில்லை' என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அழுகிறீர்கள். முழு இலையையும் இன்றே தின்று தீர்க்கும்படி அவர் உங்களிடம் கேட்கவில்லை. இன்றைய துளி எது என்று மட்டும் பாருங்கள். ஒரு மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பதாக இருக்கலாம், கடன் கொடுத்தவரிடம் மறைக்காமல் பேசுவதாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அடிக்கிற கணவனிடம் பொறுத்துப் போகச் சொல்லி எந்தப் பெண்ணுக்கும் இந்தப் புழுவை உதாரணம் காட்டாதீர்கள். அவள் அந்தச் செடிக்கென்று பிறந்தவள் அல்ல. அங்கே கண்ணியை அறுக்கத்தான் வேண்டும். அதற்குத் துணை வேண்டுமானால் எந்த நேரமானாலும் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுங்கள்.

எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.